மெல்லப் பாடினால் குரல் இல்லை என்று அர்த்தமா?

"குரூனர்கள் என்று பழைய அமெரிக்கப் பாடகர்கள் சிலரைச் சொல்கிறார்களே, யார் அவர்கள்? உரக்கப் பாடக் குரல் இல்லாதவர்கள் மைக்கை வைத்து ஒப்பேற்றியதுதானே அது? நம் பி.பி.ஸ்ரீநிவாஸையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதில் இருக்கிற அந்த 'ஒப்பேற்றியது'தான் என்னை எழுத உட்கார வைத்தது. பத்துப் பதினைந்து வருஷமாக மற்றவர்கள் பாடுவதைப் பதிவு செய்து பிழைக்கிறவன் நான். தொண்டையைத் திறந்து பாடுகிறவர் வந்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். மெல்லப் பாடுகிறவர் வந்தால் எனக்கு வியர்த்துவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வியர்க்கும்.

முதலில் அந்தச் சொல். குரூன் என்பது ஸ்காட்லாந்து வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, அதன் வேர் பழைய டச்சு மொழியில் இருக்கிறது, அங்கே முனகுவது, புலம்புவது என்று பொருள். பிறகு தொட்டிலை ஆட்டிக்கொண்டே அம்மா வாய்க்குள் பாடுவதற்கும் அதையே சொன்னார்கள். நம் வீட்டிலும் தாலாட்டை யாரும் ஐந்தரைக் கட்டையில் பாடுவதில்லை. கேட்கிற காது ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது, அந்தத் தூரத்துக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவுதான். இந்தத் தூரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

1925க்கு முன்னால் ஒரு பாட்டைத் தட்டில் ஏற்ற மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்று இருக்கும், பாடகர் அதன் வாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும். கூம்பின் அடியில் ஒரு சவ்வு, சவ்வோடு இணைத்த ஓர் ஊசி, ஊசிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும் மெழுகுத் தட்டு. அந்த மெழுகில் பள்ளம் கீறுகிற சக்தி முழுவதும் பாடகரின் நெஞ்சிலிருந்து வர வேண்டும். வயலின் சத்தம் எடுபடவில்லை என்று வயலினுக்கே ஒரு தகரக் கூம்பைப் பொருத்தி வாசித்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தின் பெரிய இசைத்தட்டு நட்சத்திரம் கரூஸோ என்ற ஓப்பராப் பாடகராக (ஓப்பரா என்றால் பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய மேடை நாடகம்) இருந்தது தற்செயல் இல்லை. அவருடைய குரலுக்கு அந்த ஊசி பணிந்தது.

ஓப்பரா பாடுகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. தொண்டையின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, குரலின் சக்தியை 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவித்துவிடுவார்கள். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாசித்தாலும் அந்த இடத்தில் சத்தம் கம்மி, அதனால் ஒற்றைக் குரல் துளைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போகும். நம் நாடக மேடையிலும் இதே தேவை இருந்தது. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் மைக் இல்லாமல் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி பாடியவர்கள். காசு கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். இரண்டு கண்டத்திலும் நல்ல குரல் என்றால் தூரம் போகிற குரல்தான்.

1925இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்சாரப் பதிவு முறை அமெரிக்காவின் விக்டர், கொலம்பியா என்ற இரண்டு பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் போனது. இப்போது மைக் குரலை மின்சாரமாக்குகிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது, ஊசியை அசைப்பது மின்சாரம். பாடகரின் நெஞ்சு அந்த வேலையிலிருந்து விடுதலை ஆனது. அது மட்டும் இல்லை, கூம்புக்குள் நுழையாமலே தொலைந்துபோன கீழ்ச் சத்தமும் மேல்ச் சத்தமும் தட்டுக்கு வந்தன. குரலின் கனம், மூச்சு, உதடு பிரிகிற ஓசை, 'ஸ' சொல்லும்போது பல்லிடுக்கில் போகிற காற்று, இதெல்லாம் முதல்முறையாகத் தட்டில் கேட்டது.

கூடவே ரேடியோ. 1920களின் கடைசியில் அமெரிக்க வீடுகளின் கூடத்தில் அது ஒரு மரச்சாமானாக வந்து உட்கார்ந்துவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறவருக்கு இரண்டடி தள்ளிப் பாட்டு வருகிறது. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் மேடையில் பாடுவதுபோல் தொண்டை கிழியப் பாடினால், வீட்டுக்கு வந்த விருந்தாளி திண்ணையிலிருந்து கூட்டம் போட்டுப் பேசுகிறமாதிரி இருக்கும். கேட்பவரின் காது இரண்டடி தூரத்துக்கு வந்துவிட்டது, பாடுபவர்தான் இன்னும் கடைசி வரிசையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். இதை முதலில் புரிந்துகொண்டவர்களைத்தான் குரூனர் என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சொல்லிவிட வேண்டும், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். வான் டி லீத். 1920லேயே ரேடியோவில் பாடியவர். உச்சத்தில் கத்திப் பாடினால் டிரான்ஸ்மிட்டரின் வால்வு போய்விடும், அதனால் தணித்துப் பாடச் சொன்னார்கள், அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பாணி என்று ஒரு கதை உண்டு. கதை முழுக்க நிஜமோ இல்லையோ, முதல் குரூனர் அவர்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பட்டம் ஆண்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

உங்கள் சந்தேகத்துக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், மறைக்கவில்லை. பெயரே விஸ்பரிங் ஜாக் ஸ்மித். முதல் உலகப் போரில் விஷவாயு பட்டதால் உரக்கப் பாட முடியாமல் போனது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டு பாதி, பேச்சு பாதி என்று ரகசியம் சொல்வதுபோல் பாடினார், 1926 வாக்கில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவருடைய தட்டுகள் பறந்தன. ரூடி வேலீ என்ற யேல் பல்கலைக்கழகத்துப் பையனுக்கும் குரல் மெல்லியது, மூக்கால் பாடுகிற ரகம். மைக் இல்லாத கிளப்புகளில் கையில் மெகாபோனைப் பிடித்துக்கொண்டு பாடுவார். 1929இல் என்பிசி ரேடியோவில் ஈஸ்ட் விற்கிற கம்பெனி ஒன்றின் நிகழ்ச்சி அவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான், தேசம் முழுக்கப் பெண்கள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கணவன்மார்களுக்கு அது பிடிக்கவில்லை. 1931இல் பாஸ்டனில் மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்மேல் பம்பளிமாஸ் பழத்தை வீசியிருக்கிறார்கள்.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. 1932 ஜனவரியில் பாஸ்டனின் கார்டினல் ஓ'கானல், கத்தோலிக்கச் சபையில் எவ்வளவு பெரிய பதவி அது, பொதுவில் பேசும்போது குரூனர்களைப் போட்டு வாங்கினார். இழிந்த பாட்டு, உண்மையான அமெரிக்கன் செய்கிற வேலையா இது என்ற தொனியில். பத்து வருஷம் கழித்து, 1942இல், போர் நடந்துகொண்டிருக்கும்போது லண்டனில் பிபிசி ஒரு கொள்கையே போட்டது: உணர்ச்சி வழிகிற பாட்டும், ரத்தசோகை பிடித்ததுபோல் பாடுகிற ஆண் குரல்களும் வேண்டாம் என்று. சிப்பாய்களின் மனம் இளகிவிடும் என்ற கவலை. எனக்குத் தோன்றுவது, இவர்கள் பயந்தது சத்தத்தின் அளவைப் பார்த்து இல்லை, தூரத்தைப் பார்த்துத்தான். யாரோ ஓர் அந்நிய ஆண், உங்கள் வீட்டுக் கூடத்துக்குள், உங்கள் மனைவியின் காதுக்குப் பக்கத்தில் 'நீ இல்லாமல் தூக்கம் வரவில்லை' என்கிறான், நீங்களோ பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் வருமா வராதா?

சரி, பிங் கிராஸ்பி. குரல் இல்லாதவர்களின் வேலை என்ற வாதம் இவரிடம் வந்து நின்றுவிடும். 1903இல் பிறந்தவர், பால் வைட்மனின் பெரிய இசைக்குழுவில் பாடிப் பழகியவர், பாரிட்டோன் என்கிற கனமான, தாழ்ந்த ஆண் குரல், வேண்டுமென்றால் அரங்கத்தையே நிறைத்திருப்பார். அவர் வேண்டாம் என்று விட்டார். ஜாஸ் இசைக்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை நேரில் கேட்டுக் கேட்டு, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நடப்பது எப்படி, ஒரு வரியைப் பேசுகிற வாக்கில் எப்படிப் போடுவது என்று படித்துக்கொண்டார். ஒரு சுரத்தில் உட்காரும் முன் பக்கத்துச் சுரத்தை லேசாகத் தொட்டுவிட்டு வருவார், நம் காதுக்கு அது ஒரு குட்டிக் கமகம். 1931இல் சிபிஎஸ் ரேடியோவில் தனியாகப் பாட ஆரம்பித்தார், 1942இல் வந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்' தட்டு 5 கோடிப் பிரதி விற்றது என்பது கின்னஸ் கணக்கு.

என் தொழில்காரர்கள் கிராஸ்பிக்கு இன்னொரு விஷயத்துக்காகவும் கும்பிடு போட வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய ரேடியோ நிகழ்ச்சி என்றால் நேரலை, ஒவ்வொரு வாரமும் ஆள் போய் நின்றே ஆக வேண்டும். இவருக்கோ கால்ஃப் ஆட வேண்டும். போரில் தோற்ற ஜெர்மனியிலிருந்து காந்த டேப் தொழில்நுட்பத்தை ஓர் அமெரிக்கப் பொறியாளர் கொண்டுவந்திருந்தார். 1947இல் கிராஸ்பியின் நிகழ்ச்சி டேப்பில் பதிவாகி ஒலிபரப்பானது, ஆம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்கு அந்த மெஷினைச் செய்ய 50,000 டாலர் கொடுத்தார். டேப்பை வெட்டி ஒட்டுவது, 'இன்னொரு டேக் போகலாம்' என்று சொல்வது, எல்லாம் அந்தச் சோம்பேறித்தனத்தின் பலன்.

கிராஸ்பிக்குச் சரிசமமாக அப்போது பேசப்பட்டவர் ரஸ் கொலம்போ. இவர் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1934 செப்டம்பர் 2, நண்பர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். மேசைமேல் அலங்காரத்துக்குக் கிடந்த பழங்காலத் துப்பாக்கி ஒன்றில் பழைய குண்டு இருந்தது யாருக்கும் தெரியாது. வெடித்து, எதிலோ பட்டுத் தெறித்து, அவர் தலையில் பாய்ந்தது. வயது 26. அம்மா இதய நோயாளி, அப்போதுதான் ஒரு மாரடைப்பு வந்து படுத்திருந்தார். சொன்னால் தாங்க மாட்டார் என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். மகன் வெளிநாட்டுக்குப் பாடப் போயிருக்கிறான், ரொம்ப பிஸி. அவன் எழுதுவதுபோல் கடிதங்கள் வந்தன. ரேடியோவில் பாடுகிறான் பாருங்கள் என்று அவனுடைய தட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, 1944இல் அந்த அம்மா கண் மூடுகிற வரைக்கும் பத்து வருஷம். ஒரு பெட்டியிலிருந்து வருகிற குரலை, பக்கத்தில் ஆள் இருக்கிறான் என்று பத்து வருஷம் நம்ப முடிந்திருக்கிறது. குரூனிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

இங்கிலாந்துப் பக்கம் அல் பௌலி. அப்பா கிரேக்கர், அம்மா லெபனான்காரர், பிறந்தது மொசாம்பிக், வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க், அங்கே முடி வெட்டுகிற வேலை பார்த்தவர். இவருக்கும் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. லண்டனில் பெயர் வாங்குவதற்கு முன், 1920களின் நடுவில் கல்கத்தாவிலும் அப்புறம் சிங்கப்பூரிலும் ஹோட்டல் இசைக்குழுக்களில் பாடி வாசித்துக்கொண்டிருந்தார், கல்கத்தாவில் தட்டும் பதிவு செய்திருக்கிறார்கள். 1930களில் ரே நோபிளின் இசைக்குழுவோடு அவர் பாடியதைக் கேளுங்கள், கிராஸ்பியைவிட எனக்கு இவரைப் பிடிக்கும், ஒரு துளி கூடுதல் ஈரம். 1941 ஏப்ரலில் வெளியூரில் கச்சேரி முடித்துவிட்டு, அங்கேயே தங்காமல் கடைசி ரயிலைப் பிடித்து லண்டன் வீட்டுக்கு வந்து படுத்தார். விடியற்காலையில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டு தெருவில் வெடித்தது. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லையாம், அறைக் கதவு பெயர்ந்து தலையில் அடித்திருக்கிறது.

இப்போது மைக். 1930களில் ஆர்சிஏ கம்பெனியின் ரிப்பன் மைக் ஸ்டுடியோக்களுக்கு வந்தது. பழைய படங்களில் சிங்க முகம் மாதிரி பெரிதாக, மாத்திரை வடிவத்தில் நிற்குமே, அதுதான். உள்ளே ஒரு காந்தம், காந்தத்தின் இரண்டு கைகளுக்கு நடுவில் மடிப்பு மடிப்பாக ஓர் அலுமினியத் தாள் தொங்கும், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வாயால் ஓங்கி ஊதினால் கிழிந்துவிடும். அதன் முன்னால் தொண்டை கிழியப் பாடுகிறவரைத் தள்ளி நிறுத்துவார்கள், தணிந்து பாடுகிறவரை அருகில் வர விடுவார்கள். அருகில் வந்தால் இன்னொன்று நடக்கும். இந்த வகை மைக்கில் வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச் சத்தம் தானாக ஏறும். சாதாரணக் குரலுக்கே ஒரு கனம், ஒரு வெதுவெதுப்பு வந்துவிடும். காதுக்குள் பேசுகிறமாதிரி ஒரு மயக்கம் வருவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பௌதிகம்தான்.

மீதிப் பாதிக்கு வித்தை வேண்டும். அதற்கு ஃபிராங்க் சினாட்ரா. 1940லிருந்து 1942 வரை டாமி டோர்ஸியின் குழுவில் பாடினார். டோர்ஸி டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவர், மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியாமல் ஒரு நீண்ட வரியை இழுத்து முடிப்பார், பின்னால் உட்கார்ந்து முதுகைப் பார்த்தால் கோட்டுகூட அசையாது. வாயோரத்தில் ஊசி முனை அளவு இடைவெளி விட்டு மூச்சைத் திருடுகிறார் என்று சினாட்ரா கண்டுபிடித்தார். அப்புறம் நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் மூச்சடக்கி நீந்திப் பழகினார். மற்றவர்கள் வரி நடுவில் மூச்சு வாங்குகிற இடத்தில் இவர் வாங்காமல் அடுத்த வரிக்குள் நுழைந்துவிடுவார், பேச்சில் நாம் 'அதனால என்ன ஆச்சுன்னா' என்று இழுத்துக்கொண்டே போவோமே, அதுபோல். மைக்தான் பாடகனின் வாத்தியம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப' காற்றோடு வெடிக்கும், மைக்கில் 'டப்' என்று அடிக்கும். அந்த எழுத்து வரும்போது தலையை அரை அங்குலம் திருப்பிக்கொள்வது, மூச்சிழுக்கும்போது மைக்கிலிருந்து விலகுவது, உச்சத்துக்குப் போகும்போது பின்வாங்குவது, இதையெல்லாம் பார்ப்பவருக்குத் தெரியாமல் செய்வார். (இந்த ஒரு விஷயத்தில் நமக்கு யோகம். தமிழ் 'ப' காற்றில்லாமல் பிறக்கிறது. 'பால்' என்று சொல்லிக் கையை வாய்க்கு முன் வைத்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'பால்' என்ற பெயரைச் சொல்லியும் பாருங்கள்.)

அந்த ஒல்லிப் பையன் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, விட்டால் விழுந்துவிடுவான் என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். 1944 அக்டோபர் 12 அன்று நியூயார்க்கின் பாரமவுண்ட் தியேட்டருக்கு வெளியே ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு காட்சி முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும், இவன் என் ஒருத்திக்குத்தான் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள்.

நாட் கிங் கோலைப் பற்றி ஒன்று மட்டும். கறுப்பினத்தவர், முதலில் பியானோக்காரர், வெல்வெட் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உவமையை வாங்கிக் கட்டிக்கொண்ட குரல். ரேடியோவிலும் தட்டிலும் அவர் குரல் வெள்ளைக்காரர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போனது. 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளை இனவெறியர்கள் ஏறி அவரைத் தாக்கினார்கள். அதே வருஷக் கடைசியில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி ஆரம்பித்தது, நல்ல நிகழ்ச்சி, ஆனால் தேசிய அளவில் விளம்பரம் தர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை, 1957 முடிவில் நின்றுபோனது. குரல் கூடத்துக்குள் வரலாம், முகம் வரக் கூடாது.

மெல்லப் பாடுகிறவர் வந்தால் எனக்கு வியர்க்கும் என்றேனே, ஏன் என்று சொல்கிறேன். மெல்லப் பாடுகிறவரின் குரலை எடுக்க மைக்கின் அளவை ஏற்ற வேண்டும். ஏற்றினால் குரலோடு சேர்ந்து உலகமே உள்ளே வரும். ஏசி இரைச்சல், நாற்காலி முனகல், கையிலிருக்கும் தாள் சலசலப்பு, பாடுபவரின் வயிற்றுச் சத்தம்கூட. அதனால் முதல் வேலையாக ஏசியை நிறுத்துவேன். மே மாதத்துச் சென்னையில், ஜன்னல் இல்லாத அறையில், ஏசி இல்லாமல்.

ஒருமுறை கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் பாடிப் பழகிய ஒரு தம்பி வந்திருந்தான். குரல் என்றால் குரல், மைக் செட் கெட்டுப்போனாலும் தேரடி வரை கேட்கும். பாட்டு ஒரு தணிந்த காதல் பாட்டு. "கொஞ்சம் மெதுவா" என்றால் சத்தத்தைக் குறைத்தான், குறைத்ததும் சுருதி கீழே இறங்கிவிட்டது, வரிக் கடைசியில் குரல் காற்றாகப் போனது. உரக்கப் பாடும்போது வயிறு செய்த வேலையை இப்போது யாரும் செய்யவில்லை, அதுதான் விஷயம். சத்தம் குறையலாம், அடியிலிருந்து மூச்சைப் பிடிப்பது குறையக் கூடாது, குடத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவதற்குத்தான் கை அதிகம் வலிக்கும். ஏழெட்டு டேக் போயிற்று. கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு என் உதவியாளனை மைக்குக்குப் பின்னால் உட்கார வைத்து, "இவன் காதுல சொல்ற மாதிரி பாடு தம்பி" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்கடுத்த டேக்கில் வந்துவிட்டது. சத்தத்தைக் குறை என்று சொன்னபோது வராதது, ஆளைக் காட்டியதும் வந்தது.

இப்போது பி.பி.ஸ்ரீநிவாஸ். சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம், அவருக்கு முன்னால் ஏ.எம்.ராஜாவையும் சேர்த்தே ஆக வேண்டும். இந்தியில் தலத் மஹ்மூதும், அதற்கும் முன்னால் கல்கத்தாவில் சைகலும் பங்கஜ் மல்லிக்கும் மைக்கை நம்பிக் குரலைத் தணித்தவர்கள். அமெரிக்கத் தட்டுகளைக் கேட்டுக் காப்பியடித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதே மைக் வந்தது, அதே தூரம் குறைந்தது, அதே வழி திறந்தது. தமிழில் நாடக மேடையின் குரல் சினிமாவிலும் ரொம்ப நாள் நின்றது, தியாகராஜ பாகவதர் காலம் முழுக்க அப்படித்தான். 1950களில் ராஜா வந்து, வாயை அதிகம் திறக்காமல், பிர்கா போட்டு மிரட்டாமல், பக்கத்து வீட்டுப் பையன் மாடிப்படியில் உட்கார்ந்து பாடுகிறமாதிரி பாடினார். அப்புறம் 1960களில் ஜெமினி கணேசனுக்கு ஸ்ரீநிவாஸ்.

வித்தியாசம் காதுக்கே தெரிய வேண்டும் என்றால் ஒரு பாட்டு போதும். 1962இல் வந்த 'படித்தால் மட்டும் போதுமா' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனும் ஸ்ரீநிவாஸும் சேர்ந்து பாடிய 'பொன் ஒன்று கண்டேன்'. ஒரே மெட்டு, ஒரே ஸ்டுடியோ. டி.எம்.எஸ். வரும்போது குரல் உங்களைத் தாண்டிப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் போகிறது. ஸ்ரீநிவாஸ் வரும்போது உங்களோடு நின்றுவிடுகிறது. இதில் யார் உசத்தி என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்தச் சண்டையில் இடம் வேண்டாம். ஆனால் ஸ்ரீநிவாஸுக்குக் குரல் சன்னம் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், 'மயக்கமா கலக்கமா'வை அதே சத்தத்தில், சுருதி இறங்காமல் ஒரு சரணம் பாடிக் காட்டட்டும். பிழைப்புத் தேடி வந்த சென்னையை விட்டுக் கிளம்பவிருந்த வாலி, அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். வரி கண்ணதாசனுடையது, அது பாதி வேலை செய்திருக்கும். மீதியைச் செய்தது, மேடையிலிருந்து புத்தி சொல்லாமல் தோளில் கை போட்டுச் சொன்ன அந்தக் குரல். ஒரு வேறுபாடு மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குரூனர் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார், சொல்லை உடைத்துப் போடுவார், தாளத்தை ஏமாற்றுவார். நம்மவர்கள் ராகத்தை விடவில்லை, அசைவு அசைவாக இழைப்பார்கள், தாளத்தோடு விளையாட்டு குறைவு.

கேட்க ஆரம்பிக்க வேண்டுமென்றால் ஜிம் ரீவ்ஸிடமிருந்து தொடங்குங்கள். கண்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாடகர் என்று சொல்வார்கள், ஆனால் பாடும் முறை குரூனிங்தான். சென்னையிலும் கொழும்பிலும் பல கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் வந்தால் இன்றும் அவர் குரல் கேட்கும், அதனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குரலாகவே இருக்கலாம். டெக்சாஸ்காரர், முதலில் எல்லோரையும்போல் உரக்கப் பாடி ஹிட் கொடுத்தவர். 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டில் சுருதியைத் தாழ்த்தி, உதடு மைக்கில் படுகிற அளவுக்கு நெருங்கிப் பாடினார், தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அதற்குத் துணை நின்றார். அவருடைய முந்தைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள், ஒரே ஆள் அறைக்கு வெளியிலிருந்து உள்ளே வந்து கதவைச் சாத்துவது கேட்கும். அப்புறம் அல் பௌலி, அப்புறம் சினாட்ராவின் 1955ஆம் வருஷத்து நள்ளிரவுப் பாட்டுகள் தொகுப்பு. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், கீழ்ச் சத்தம் வராது, வெறும் மூக்குச் சத்தம் கேட்டுவிட்டு மறுபடியும் என்னிடம் இதே கேள்வியோடு வருவீர்கள். நல்ல ஹெட்போன், ராத்திரி பத்து மணிக்கு மேல், முடிந்தால் ஃபேனையும் நிறுத்திவிட்டு.